பெங்களூரில் படிக்கும் தமிழ் மாணவர்கள் மனநலக் கவுன்சிலிங் பற்றிக் கேட்கும் கேள்விகள்

ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம், வேலூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூர்க் கல்லூரிகளுக்கு வந்து சேரும் பிள்ளைகள் ஏராளம். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் விவேக் நகரிலும் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் அதே வகுப்புகளில் இருக்கிறார்கள். நான் இங்கே ஒரு கல்லூரியில் கவுன்சிலராக வேலை பார்க்கிறேன். மாணவர்களும் பெற்றோரும் என்னிடம் தமிழில் கேட்பவற்றைக் கீழே தொகுத்திருக்கிறேன். சுற்றி வளைத்துக் கேட்டாலும் பாதிக் கேள்விகளுக்கு அடியில் ஒரே கவலைதான்: இது யாருக்கெல்லாம் தெரியவரும்? அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் கவுன்சிலரைப் பார்த்தது வீட்டுக்குத் தெரிந்துவிடுமா?

18 வயது முடிந்திருந்தால், உங்கள் சம்மதம் இல்லாமல் வீட்டுக்குச் சொல்ல மாட்டோம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 23-ஆம் பிரிவு, சிகிச்சை பெறுபவரின் தகவலை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. கவுன்சிலர்களின் தொழில் நெறியும் அதுதான். விதிவிலக்குகளை முதல் நாளே சொல்லிவிடுவோம். உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. நீதிமன்றம் கேட்டால் கொடுத்தாக வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் செய்வது கட்டாயம்.

முதலாண்டில் 17 வயதோடு வந்து சேர்கிறவர்கள் கொஞ்ச நஞ்சம் பேர் இல்லை. அவர்களுக்கு மருத்துவ சிகிச்சை என்று வந்தால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். சும்மா வந்து மனம்விட்டுப் பேசுவதற்கு யாரும் பிறந்த தேதி பார்ப்பதில்லை.

வீட்டுக்குச் சொல்லியே ஆக வேண்டிய நிலை வந்தாலும் உங்களுக்குத் தெரியாமல் சொல்வது வழக்கம் இல்லை. உங்களை எதிரே உட்காரவைத்து, யாரிடம் பேசலாம், எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம் என்று சேர்ந்து முடிவு செய்துவிட்டுத்தான் நம்பரைப் போடுவோம். அப்பா அம்மாவை விட்டுவிட்டுத் தாய்மாமா நம்பரைக் கொடுக்கிறவர்கள் நிறைய பேர். மாமா பக்குவமாக எடுத்துச் சொல்லிவிடுவார் என்பது கணக்கு. பெரும்பாலும் சரியான கணக்குதான்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். ரகசியம் கசிவது அநேகமாகக் கவுன்சிலர் வழியாக இல்லை, வராண்டா வழியாகத்தான். பல கல்லூரிகளில் கவுன்சிலிங் அறையை பிரின்சிபால் ஆபீஸுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பதை நாலு பேர் பார்க்கத்தான் செய்வார்கள். அது சங்கடமாக இருந்தால் வகுப்பு நடக்கும் நேரத்தில் ஸ்லாட் கேளுங்கள், அல்லது ஆன்லைனில் முடியுமா என்று கேளுங்கள். இப்படிக் கேட்கிற முதல் ஆள் நீங்கள் இல்லை.

துறைத் தலைவருக்கும் (ஹெச்ஓடி) ப்ளேஸ்மென்ட் ஆபீஸுக்கும் தெரியுமா?

உங்கள் மார்க் ஷீட்டிலோ டிசியிலோ இது ஏறாது. கவுன்சிலர் எழுதி வைக்கும் குறிப்புகள் கம்பெனிக்காரர்களுக்குப் போவதும் கிடையாது. ஒரு இடத்தில் மட்டும் கவனமாக இருங்கள். வகுப்பாசிரியரோ ஹெச்ஓடியோ உங்களை அனுப்பிவைத்திருந்தால், 'என்ன ஆச்சு?' என்று பிறகு கவுன்சிலரிடம் விசாரிப்பார். அதற்கு 'வந்தார், பேசினோம்' என்பதைத் தாண்டி ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது. உங்கள் கல்லூரியில் என்ன வழக்கம் என்பதை முதல் சந்திப்பிலேயே நேராகக் கேட்டுவிடுங்கள். மழுப்பலான பதில் வந்தால் வெளியே வேறு ஆளைப் பார்க்கலாம்.

என் பிரச்சினை எல்லாம் ஒரு பிரச்சினையா? எனக்கும் மேலே கஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்களே?

இதைச் சொல்லாமல் உள்ளே வருகிறவர்கள் குறைவு. அப்பா கடன் வாங்கிப் படிக்க வைக்கிறார், நான் ஏசி லேபில் உட்கார்ந்துகொண்டு அழுகிறேன் என்ற குற்றவுணர்ச்சி. வலிக்கு மெரிட் லிஸ்ட் கிடையாது. வாசலில் யாரும் கட் ஆஃப் போட்டு நிறுத்துவதில்லை.

இருந்தாலும் ஒரு அளவு வேண்டும் என்பவர்களுக்கு: பிஹெச்க்யூ-9 என்று ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம், பசி, சோர்வு, கவனம், எதிலும் பிடிப்பில்லாமை போன்றவை எத்தனை நாள் இருந்தன என்று கேட்கும். மொத்த மதிப்பெண் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் ஆளைப் பார்ப்பது நல்லது. நோய் இருக்கிறது என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை, பார்க்க வேண்டிய நேரம் என்று மட்டும் காட்டும். கடைசிக் கேள்வி செத்துவிடலாம் என்ற நினைப்பைப் பற்றியது. அதில் பூஜ்யம் தவிர வேறு எது வந்தாலும் மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே யாரிடமாவது பேசுங்கள்.

எண் கணக்கில் நம்பிக்கை இல்லையா, சரி. வழக்கமாகச் செய்கிற காரியங்கள் இரண்டு மூன்று வாரமாக நின்றுபோயிருக்கின்றனவா என்று பாருங்கள். குளிப்பது, துணி துவைப்பது, அம்மாவின் ஃபோனை எடுப்பது, அசைன்மென்ட் போர்ட்டலைத் திறப்பது. அழுகை வந்தால்தான் மனச்சோர்வு என்று இல்லை. பையன்களிடம் எரிச்சலாகவும், விடிய விடிய கேம் ஆடுவதாகவும், தினசரி பீராகவும் அது வருவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

முதல் நாள் உள்ளே என்னதான் நடக்கும்?

பயப்படும்படி ஒன்றும் இல்லை, கொஞ்சம் சப்பென்றுகூட இருக்கும். ஒரு பக்கப் படிவம் தருவார்கள். பெயர், வகுப்பு, தங்கியிருக்கும் இடம், அவசரம் என்றால் யாரை அழைக்கலாம். கடகடவென்று எழுதிக்கொண்டு வரும் பேனா அந்தக் கடைசிக் கட்டத்தில் வந்து நின்றுவிடும். இப்போதைக்கு காலியாக விடுங்கள் என்பேன். அந்த நிற்பே பல விஷயங்களைச் சொல்லிவிடும்.

பிறகு கேள்விகள். 'உன் பிரச்சினை என்ன?' என்று எடுத்தவுடன் கேட்டால் 'ஒண்ணுமில்ல மேம்' என்றுதான் பதில் வரும். அதனால் பிஜியில், அதாவது தங்கியிருக்கும் விடுதியில், காலை டிபன் எத்தனை மணிக்கு எடுத்து வைத்துவிடுவார்கள், அதற்குள் எழுந்துவிடுகிறீர்களா என்று ஆரம்பிப்போம். பேச்சு அங்கிருந்து தானாக நகரும். டிபனே சாப்பிடுவதில்லை, கீழே இறங்கினால் நாலு பேர் முகத்தைப் பார்க்க வேண்டும், பார்த்தால் ரிசல்ட் பற்றிக் கேட்பார்கள், ரிசல்ட்டில் மூன்று பேக்லாக் (அரியர்), வீட்டில் ஆல் கிளியர் என்று சொல்லி வைத்திருக்கிறது. பத்து நிமிடத்தில் இட்லியிலிருந்து விஷயத்துக்கு வந்துவிடுவோம்.

முக்கால் மணி நேரம், மிஞ்சினால் ஒரு மணி நேரம். அறிவுரை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். அறிவுரை சொல்ல ஊரில் ஆட்களுக்குக் குறைவில்லை. இங்கே நடப்பது வேறு வேலை. மனதில் முடிச்சாகக் கிடப்பதைப் பிரித்துப் பார்த்து, அடுத்த சந்திப்புக்குள் செய்யக்கூடிய சின்னக் காரியம் ஒன்றைத் தேர்ந்தெடுப்போம். மேலே சொன்ன மாதிரி நிலையில் அந்தக் காரியம் படிப்பாக இருக்காது. யாராவது ஒருவரிடம் பேக்லாக் பற்றி உண்மையைச் சொல்வதாக இருக்கும்.

தமிழில் பேசலாமா? எனக்கு இங்கிலீஷில் அழ வராது.

கேட்டதே அழகு! தமிழ் தெரிந்த கவுன்சிலர்களும் மனநல மருத்துவர்களும் பெங்களூரில் நிறைய பேர் இருக்கிறார்கள். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேளுங்கள். தொலைபேசியில் பேச மத்திய அரசின் டெலி-மனஸ் இருக்கிறது. எண் 14416, கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கினார்கள். அதன் தலைமை மையம் நம்மூரில் இருக்கும் மத்திய அரசு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ்தான். அழைத்ததும் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், தமிழ் இருக்கிறது.

கவுன்சிலர், சைக்காலஜிஸ்ட், சைக்கியாட்ரிஸ்ட்: யாரிடம் போவது?

மாத்திரை எழுதக்கூடியவர் சைக்கியாட்ரிஸ்ட். எம்பிபிஎஸ் முடித்து அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் சோதனைகளும் பேச்சுவழி சிகிச்சையும் செய்வார். அவருக்கு இந்திய மறுவாழ்வுக் குழுவின், அதாவது ஆர்சிஐயின், பதிவு எண் இருக்க வேண்டும். எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

கவுன்சிலர் என்ற பலகையை மாட்டிக்கொள்வதுதான் இந்த நாட்டில் ரொம்பச் சுலபம். எங்கள் தொழிலைப் பற்றி நானே சொல்வதால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆறு வார ஆன்லைன் சர்டிபிகேட்டோடு இன்ஸ்டாகிராமில் கடை விரித்தவர்கள் இருக்கிறார்கள். உளவியலிலோ சமூகப் பணியிலோ முதுகலை படித்திருக்கிறாரா, யாருடைய மேற்பார்வையில் பயிற்சி பெற்றார் என்று விசாரியுங்கள். முதல் சந்திப்பிலேயே பத்து செஷன் பேக்கேஜ் விற்கிறவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

யாரிடம் போவது என்று குழப்பமாக இருந்தால் கல்லூரி கவுன்சிலரிடமே தொடங்கலாம். தூக்கமும் சாப்பாடும் அடியோடு கெட்டிருந்தாலோ, காதில் குரல் கேட்டாலோ, தூங்காமலேயே நாள்கணக்கில் தலைகால் புரியாத உற்சாகம் இருந்தாலோ நேராக சைக்கியாட்ரிஸ்ட். இன்னொன்றும் உண்டு. சோர்வுக்குப் பின்னால் தைராய்டோ ரத்தசோகையோ பி12 குறைவோ ஒளிந்திருக்கலாம். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தால் 'மனசுக்கு எதுக்கு ரத்தம்?' என்று முறைக்காதீர்கள்.

நிம்ஹான்ஸ் என்றால் பைத்தியக்கார ஆஸ்பத்திரி இல்லையா?

பழைய மனநல மருத்துவமனையையும் 1954-இல் தொடங்கிய அகில இந்திய மனநலக் கழகத்தையும் 1974-இல் இணைத்து உருவாக்கியதுதான் நிம்ஹான்ஸ். பழைய பெயர் ஆட்டோக்காரர்கள் வாயில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். மூளை, நரம்பு வைத்தியத்துக்கும் அங்கேதான் கூட்டம். ஓசூர் ரோட்டில், டெய்ரி சர்க்கிளுக்குப் பக்கம். ஓசூரிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரிந்த வழிதான்.

புறநோயாளிப் பிரிவுக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். வரிசையில் நின்று பதிவு செய்த பிறகு ஒரு இளம் மருத்துவர் சுருக்கமாக விசாரிப்பார். விரிவான விசாரணைக்கு இன்னொரு நாள் வரச் சொல்வது உண்டு, அதை அலைக்கழிப்பு என்று நினைத்துத் திரும்பிவிடாதீர்கள். சாப்பாட்டுப் பையோடு தர்மபுரியிலிருந்து வந்திருக்கும் குடும்பம் ஒன்று உங்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அரை நாள் போகும், பணம் அதிகம் போகாது. உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவரை அழைத்துப் போனால் நல்லது. கூட்டம் வேண்டாம், பேசினால் போதும் என்றால் பிடிஎம் லேஅவுட்டில் நிம்ஹான்ஸ் நடத்தும் நலவாழ்வு மையம் இருக்கிறது. அவசரம் என்றால் ஓசூர் ரோடு மருத்துவமனையில் இரவிலும் அவசரப் பிரிவு இயங்கும்.

மாத்திரை சாப்பிட ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாதாமே?

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் முதலில் எழுதுவது பெரும்பாலும் செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் வகைதான். இவை போதை ஏற்றுவதில்லை, நாளாக ஆக டோஸை ஏற்றிக்கொண்டே போகச் சொல்லும் ஏக்கத்தையும் உண்டாக்குவதில்லை. குணம் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். தொந்தரவு முதல் வாரத்திலேயே வந்துவிடும்: குமட்டல், வயிற்றுக் கலக்கம், தூக்க மாற்றம். பலர் இந்த இடைவெளியில்தான் மாத்திரையைத் தூக்கிப் போடுகிறார்கள். பாலுணர்வு குறைவதும் உண்டு. டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டுத் தாங்களே நிறுத்துகிறவர்கள் அதிகம், ஆகவே இங்கே எழுதிவிடுகிறேன். சொன்னால் மாற்றித் தருவார்கள்.

25 வயதுக்குக் கீழே உள்ள சிலருக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007-இல் எச்சரிக்கையை விரிவாக்கியது. மாத்திரையே வேண்டாம் என்பது அதற்குப் பொருள் ஆகாது. முதல் மாதம் அடிக்கடி டாக்டரைப் பாருங்கள், அறையில் கூட இருப்பவர் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும். நன்றாக ஆன பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். பிறகு படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம், ஒரே நாளில் நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும்.

பழக்கமாகிவிடும் மாத்திரைகள் வேறு. அல்பிரசோலம், குளோனசெபம் போன்றவை. பரீட்சைக்கு முந்தின இரவு ஹாஸ்டலில் ஒருவர் ஸ்டிரிப்பிலிருந்து இன்னொருவர் கிள்ளிக்கொள்வது இவற்றைத்தான். தயவுசெய்து வேண்டாம்.

செலவு?

கல்லூரிக் கவுன்சிலிங்கும் 14416-உம் இலவசம். தனியாரிடம் ஒவ்வொரு செஷனுக்கும் பணம். மாணவர்களுக்குக் குறைத்துக் கொள்கிறவர்கள் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். மற்ற நோய்களைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் நம்மூர் பாலிசிகள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். வாரம் ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வரும் செலவை அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

ரூம்மேட் 'செத்துடலாம் போல இருக்கு'ன்னு சொல்றான். விளையாட்டுக்கா நிஜமாவா தெரியல.

நிஜம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. நேராகக் கேளுங்கள்: 'டேய், தற்கொலை பத்தி யோசிக்கிறியா?' கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பலருக்கு மூச்சு விட்டதுபோல இருக்கும்.

ஆமாம் என்றால் வாதம் வேண்டாம். 'அம்மாவை நினைச்சுப் பாரு' என்று தொடங்க வேண்டாம், அவன் ஏற்கெனவே அதை நினைத்துத்தான் நொந்துபோயிருப்பான். தனியாக விடாதீர்கள். தனக்குத் தீங்கு செய்துகொள்ளக்கூடிய பொருள் எதுவும் அவன் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரில் 14416 போட்டு இருவருமாகப் பேசலாம். இப்போதே ஆபத்து என்று தோன்றினால் வார்டனைக் கூப்பிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள், 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது, 112-உம் இருக்கிறது. 'யாரிடமும் சொல்லாதே' என்று சத்தியம் வாங்கியிருப்பான். மீறுங்கள். ஒரு மாதம் உங்களிடம் பேசாமல் இருந்தால் இருக்கட்டும்.

'போலீஸ் கேஸ் ஆகுமா?' என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதிக்கிறார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்று கருதி, தண்டிக்காமல் சிகிச்சை தர வேண்டும் என்கிறது 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே இல்லை.

எங்கள் கல்லூரியில் கவுன்சிலரே கிடையாது. பெயருக்கு ஒரு லெக்சரரைப் போட்டிருக்கிறார்கள்.

2025 ஜூலை 25 அன்று, விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிமுறைகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனம் தகுதியுள்ள ஒருவரையாவது நியமிக்க வேண்டும், அதைவிடச் சிறியவை வெளியாரோடு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும், உதவி எண்களை ஹாஸ்டலிலும் வகுப்பிலும் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்றெல்லாம். நாலைந்து பேர் சேர்ந்து அதைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் கொடுங்கள். உங்கள் இன்டர்னல் மார்க்கைக் கையில் வைத்திருப்பவரிடம் மனதைத் திறக்கச் சொல்வது அநியாயம் என்பது என் கருத்து, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

(ஒரு அப்பா) பையன் ஃபோனே எடுப்பதில்லை. எடுத்தால் 'ம்' மட்டும்தான். என்ன பேசுவது?

மார்க்கையும் அட்டெண்டன்ஸையும் முதல் பத்து நிமிடத்துக்கு எடுக்காதீர்கள். 'நாங்க எல்லாம் அந்தக் காலத்துல…' என்று ஆரம்பித்த நொடியில் அந்தப் பக்கம் ஃபோன் மெத்தைக்குப் போய்விடும். உங்கள் வீட்டு விஷயத்தைச் சொல்லுங்கள், தெருவில் என்ன நடந்தது, மாடு கன்று போட்டதா. பிறகு, 'நீ கொஞ்ச நாளா சரியில்லன்னு தோணுது, எதுவா இருந்தாலும் அப்பாகிட்ட சொல்லலாம், திட்ட மாட்டேன்' என்று ஒருமுறை சொல்லிவிட்டு, சொன்னபடி திட்டாமல் இருங்கள். இரண்டாவதுதான் கஷ்டம். ஒரு வாரக் கடைசியில் பஸ் ஏறி வந்து, சேர்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். பிஜி ஓனரிடம் துப்பு விசாரிக்க வேண்டாம்.

(ஒரு அம்மா) குணசீலம் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனா சரியாயிடும்னு சொல்றாங்க.

தாராளமாகப் போய்விட்டு வாங்க அம்மா. பெருமாளைக் கும்பிடுவதால் மனசு லேசாகும் என்றால் அது நல்லதுதான். மாத்திரை டப்பாவையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வேளைகூடத் தவற வேண்டாம். 48 நாள் தங்க வேண்டும் என்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். கட்டிப்போடும் இடம் எதுவானாலும் அங்கே விடாதீர்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடிக் காப்பகத் தீயில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்ததை நம் ஊர் மறந்திருக்காது. இன்று சட்டமே சங்கிலியைத் தடை செய்திருக்கிறது.

பொண்ணு கவுன்சிலிங் போனது வெளியே தெரிந்தால் கல்யாணம் ஆகுமா?

பரீட்சை பயத்துக்கும் காதல் தோல்விக்கும் போய்ப் பேசிவிட்டு வந்ததை ஜாதகத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டியதில்லை. தொடர்ந்து மாத்திரை தேவைப்படும் நோய் என்றால் விஷயம் வேறு. பெண்ணுக்கும் பையனுக்கும் இடையே, நிச்சயத்துக்கு முன்னால், அவளே சொல்லிவிடுவது நல்லது என்பேன். மறைத்துக் கல்யாணம் செய்து, பயத்தில் மாத்திரையை நிறுத்தி, மறுபடி நோயில் விழுந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை போனேன், பிடிக்கவில்லை.

ஆளை மாற்றுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டோம். மூன்று சந்திப்பு பார்த்துவிட்டு மாற்றினால் இன்னும் நல்லது, ஏனென்றால் முதல் முறை யாருக்கும் பிடிப்பதில்லை. சாதியையோ மதத்தையோ காதலையோ வைத்து உங்களைக் குத்திக்காட்டினால் மட்டும் மூன்று வரை காத்திருக்க வேண்டாம்.

ஒரு செமஸ்டர் பிரேக் எடுக்கலாமா?

சில சமயம் அதுதான் சரி. ஆனால் முடிவை நடுராத்திரியில் எடுக்காதீர்கள். உங்கள் பல்கலைக்கழக விதிப்படி திரும்பி வந்து சேர முடியுமா, கட்டிய ஃபீஸ் என்ன ஆகும், மருத்துவச் சான்றிதழை எப்போது கொடுக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். வீட்டுக்குப் போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதையும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். மூன்று மாதம் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தால் ஓய்வு கிடைக்காது. சில பேருக்கு வீடே பிரச்சினையாக இருக்கும், அவர்கள் பெங்களூரிலேயே இருந்துகொண்டு பாடங்களைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

லீவுக்கு ஊருக்குப் போகிறேன். நடுவில் விட்டுப்போகுமே?

ஃபோனிலோ வீடியோவிலோ தொடரலாம். வீட்டில் தனி அறை இல்லாதவர்கள் மொட்டை மாடியிலிருந்து பேசுகிறார்கள், கோயில் குளக்கரையிலிருந்துகூட. டாக்டர் சீட்டை மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கைவசம் பத்து நாளுக்குக் கூடுதலாக மாத்திரை இருக்கட்டும். எல்லா ஊர் மெடிக்கலிலும் எல்லாம் கிடைக்காது.